வாத்துக்குஞ்சு கோழிக்குஞ்சு அன்று

சென்ற வாரம் முதலாண்டு முதுகலை மாணவி ஒருவர் என் விடுதி அறைக்கதவைத் தட்டினார். கையில் ஒரு காலணிப் பெட்டி. அதற்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு வாத்துக்குஞ்சு. ஹைதராபாத்தின் பழைய நகரப் பகுதிக்குச் சென்றிருந்தபோது கூண்டில் ஒடுங்கிக் கிடந்ததைக் கண்டு மனம் பொறுக்காமல் வாங்கி வந்துவிட்டாராம். "அக்கா, நீங்கள் ஒரு வாத்து வளர்த்தீர்களாமே? இதற்கு என்ன கொடுப்பது? கோழிக்குஞ்சுத் தீவனமே போதும் என்று கடையில் சொன்னார்கள்" என்றார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் இதே வாக்கியத்தை நானும் கேட்டேன், நம்பினேன். அதன் விளைவை ஒரு பறவை தன் வலக்காலில் வாழ்நாள் முழுவதும் சுமந்துகொண்டிருக்கிறது. ஆகவேதான் இந்த நீண்ட பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாத்துக்குஞ்சு ஒன்றைத் தனியே அறையில் வைத்து வளர்க்கக் கூடாது. ஏதோ ஒரு காரணத்தால் அது கைக்கு வந்து சேர்ந்துவிட்டதென்றால், அதைச் சிறிய கோழிக்குஞ்சாக எண்ணிப் பராமரிக்கக் கூடாது. முதற்கூற்றுக்கான காரணம் விலங்கு நடத்தையியலில் இருக்கிறது. இரண்டாவதன் காரணம் உயிர்வேதியியலில் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் நாம் தவறுவதற்கான காரணம் மொழியில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் தார்நாகாவில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். தோழி ஒருத்தி பிறந்தநாள் பரிசாக ஒரு வாத்துக்குஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். டிசம்பர் மாதம். தக்காணத்துக் குளிர்கால இரவை ஒரு வாரக் குஞ்சு தாங்காது என்று தெரிந்து, அட்டைப்பெட்டிக்கு மேல் ஒரு விளக்கைத் தொங்கவிட்டேன். அது எல்.இ.டி. விளக்கு. வெளிச்சம் தந்தது, வெப்பம் தரவில்லை. இரண்டு இரவுகள் குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. தனிமையால் கத்துகிறது என்று எண்ணி மடியில் வைத்துக்கொண்டேன், உடனே அடங்கியது. என் அன்பு அதற்குப் புரிந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் அதற்குக் கிடைத்தது என் உடற்சூடு.

மூன்றாம் வாரம் அது நடக்கும்போது தடுமாறத் தொடங்கியது. கணுமூட்டு சற்றே பருத்திருந்தது. கால்கள் வில்போல் வளைந்தன. இரண்டடி நடந்து உட்கார்ந்துவிடும். ஒரு சிகிச்சையகத்தில் சுண்ணச்சத்துக் குறைபாடு என்று சொல்லிச் சொட்டுமருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கொடுத்தும் பயனில்லை. பிறகு கால்நடை மருத்துவம் பயிலும் நண்பர் ஒருவரிடம் காணொளி அனுப்பினேன். அவர் கேட்ட முதற்கேள்வி, "என்ன தீவனம்?" சொன்னேன். "அது கோழிக்கானது. இதற்கு நயாசின் போதாது" என்றார். ஈஸ்ட் கலந்த தீவனமும், அவர் ஆசிரியர் குறித்துத் தந்த அளவில் நயாசினும் கொடுத்தபின் பத்து நாளில் குஞ்சு எழுந்து நடந்தது. ஆனால் வலக்கால் முழுமையாக நிமிரவில்லை. அந்த ஒரு வாரம் வீணாகாதிருந்தால் நிமிர்ந்திருக்கும்.

சிகிச்சையகத்தையோ கடையையோ குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் கண்முன் வரும் பறவைகளில் மிகப் பெரும்பாலானவை கோழிகள். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 85 கோடிக்கும் மேற்பட்ட வளர்ப்புப் பறவைகள் உள்ளன. அவற்றுள் வாத்துகளின் பங்கு மிகச் சிறியது. அந்த வாத்துகளிலும் பெரும்பகுதி மேற்கு வங்கம், அசாம், கேரளம் போன்ற நீர்வளமுள்ள மாநிலங்களில் இருக்கிறது. ஹைதராபாத்தோ கோழி ஆராய்ச்சியில் பெயர்பெற்ற நகரம். கிராமப்புறக் கொல்லைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்ரியா ஆகிய கோழி வகைகள் இங்குள்ள ராஜேந்திரநகர் ஆய்வு நிறுவனத்தில் பிறந்தவை. இத்தகைய நகரத்தில் இறகும் அலகும் உடைய எதுவும் முதலில் கோழியாகவே கருதப்படும்.

மொழியியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. நிகொலாய் த்ருபெத்ஸ்கோய், ரோமான் யாகப்சன் ஆகிய பிராக் வட்டத்து அறிஞர்கள் 1930-களில் வகுத்த குறியுடைமைக் கோட்பாடு அது. இரண்டு எதிர்நிலைகளுள் ஒன்று அடைமொழியின்றிப் பொதுவாக நிற்கும். மற்றொன்று அடைமொழி ஏற்றுச் சிறப்பாக நிற்கும். நம் வீட்டு வழக்கிலேயே சான்றுகள் உள்ளன. 'பால்' என்றால் பசும்பால். ஆட்டின் பாலை 'ஆட்டுப்பால்' என்றே சொல்லியாக வேண்டும். 'முட்டை' என்றால் கோழிமுட்டை. மற்றதை 'வாத்து முட்டை' என்று விரித்துரைக்க வேண்டும். எள்ளின் நெய்யாகிய 'எண்ணெய்' எல்லா நெய்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பழைய பொருளை மீட்க 'நல்லெண்ணெய்' என்னும் புதிய சொல் தேவைப்பட்டது.

'கோழி' இவ்வாறே விரிந்த சொல். வாத்து, வான்கோழி, காடை அனைத்தையும் தழுவும் அறிவியல் துறைக்குத் தமிழில் 'கோழியின அறிவியல்' என்று பெயர். ஆங்கிலத்திலும் நிலை வேறன்று. 'போல்ட்ரி' என்ற சொல் இளங்கோழியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. பெயர் வசதிக்காக ஏற்பட்டது, அதில் குற்றமில்லை. ஆனால் அந்த வசதி தீவன மூட்டையின் மேல் ஒட்டப்படும்போது சிக்கல் தொடங்குகிறது. 'குஞ்சுத் தீவனம்' என்று அச்சிட்டிருக்கும். எதன் குஞ்சு என்ற கேள்வி எழுவதே இல்லை.

அந்தக் கேள்வி எழுந்திருந்தால் கிடைக்கும் விடை தெளிவானது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994-இல் வெளியிட்ட அட்டவணையில், வளரும் வாத்துக்குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் நயாசின் இருக்க வேண்டும் என்று குறிக்கப்பட்டுள்ளது. முட்டையினக் கோழிக்குஞ்சுக்கு அது 27. இறைச்சியினக் குஞ்சுக்குத் தொடக்க வாரங்களில் 35. ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு. காரணம் உடலுக்குள் இருக்கிறது. பல விலங்குகள் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஓரளவு நயாசினைத் தாமே ஆக்கிக்கொள்ளும். அந்தப் பாதையின் நடுவே ஒரு நொதி நின்று, ஆக்கப்பொருளை வேறு வழியில் திருப்பிவிடுகிறது. வாத்தின் கல்லீரலில் அந்த நொதியின் செயல் மிகுதி. ஆதலால் கோழி தானே ஈட்டிக்கொள்ளும் சத்தை வாத்து உணவிலிருந்தே பெற வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்குத் தீவனத்தின் பெரும்பகுதியான மக்காச்சோளத்தில் உள்ள நயாசின், உடல் எளிதில் பிரித்தெடுக்க இயலாதவாறு பிணைந்திருக்கிறது.

இங்கே ஹைதராபாத் வேறொரு வகையில் நினைவுக்கு வருகிறது. நயாசின் குறைபாட்டால் மனிதருக்கு வரும் நோய் பெலாக்ரா: வெயில்படும் இடங்களில் தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு வரும், முற்றினால் மனம் பேதலிக்கும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் இது பரவியபோது, தொற்றுநோய் என்றே பலரும் கருதினர். ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 தொடங்கி ஆண்டுக்கணக்கில் உழைத்து, இது உணவுக்குறைபாடு என்று நிறுவினார். 1937-இல் கான்ராட் எல்வெஜெம் அந்தக் குறை நயாசின் என்று கண்டறிந்தார். அதன்பின் பாடநூல்களில் பெலாக்ரா என்றால் மக்காச்சோளம் உண்போரின் நோய் என்பதே இயல்பான பொருளாயிற்று.

தக்காணத்திலும் பெலாக்ரா இருந்தது. ஆனால் இங்கே மக்கள் உண்டது மக்காச்சோளம் அன்று. தெலுங்கில் ஜொன்ன எனப்படும் சோளம். தமிழில் 'சோளம்' என்பதே அடைமொழியற்ற சொல், 'மக்கா' என்ற முன்னொட்டோடு வருவதே பின்னர் வந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உலக மருத்துவ இலக்கியத்தில் வரிசை தலைகீழாக இருந்தது. சோளத்தில் நயாசினும் டிரிப்டோபனும் குறிப்பிடத்தக்க அளவு குறைவாகவும் இல்லை. பிறகு ஏன் நோய்? சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் அவரது உடனாய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் 'லான்செட்' இதழில் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர்: சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலம் நயாசின் வளர்சிதை மாற்றத்தைக் குலைக்கிறது என்று. அந்த விளக்கம் பின்னர் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது; இன்று அது மட்டுமே முழுக்காரணம் என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி முக்கியமானது. பொதுவிதி என்று எழுதப்பட்டதற்குள் தம் கண்முன் இருந்த நோயாளியைத் திணிக்க அவர்கள் மறுத்தார்கள். இந்த மனிதர் உண்பது என்ன, இவர் உடலுக்குள் நடப்பது என்ன என்று தனியே பார்த்தார்கள்.

அவர்கள் பணியாற்றிய நிறுவனத்தின் தொடக்கம் தமிழ்நாட்டில். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் பெரிபெரி நோய் ஆய்வுக்கெனத் தொடங்கிய சிறு பிரிவு அது. 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அது இருப்பது தார்நாகாவில். என் வாத்துக்குஞ்சு நயாசின் இல்லாமல் உட்கார்ந்துபோன அறையிலிருந்து அந்த வளாகத்துக்கு நடந்தே செல்லலாம். நாள்தோறும் அதன் வாயிலைக் கடந்து பேருந்து ஏறியவள் நான். ஓர் ஊரில் அறிவு இருப்பதும் அது ஓர் அறைக்குள் வந்து சேர்வதும் வேறுவேறு நிகழ்வுகள் என்பதை அன்று உணர்ந்தேன்.

தீவனத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உருவாகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோதுதான் இந்நஞ்சு அறியப்பட்டது. இறக்குமதியான நிலக்கடலைப் பிண்ணாக்கே மூலம். இதற்கு மிக எளிதில் பலியாகும் உயிர்களுள் ஒன்று வாத்துக்குஞ்சு. எந்த அளவுக்கு என்றால், ஒரு மாதிரியில் நஞ்சு உள்ளதா என்று சோதிக்க ஒருநாள் வாத்துக்குஞ்சுகளையே ஆய்வகங்களில் பயன்படுத்தினார்கள். கோழி தாங்கிக்கொள்ளும் அளவு வாத்தைக் கொல்லும். இதை வெறும் பறவைச் செய்தியாகக் கொள்ள வேண்டாம். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புற ஆதிவாசி ஊர்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் பாதித்து இறந்தார்கள்; அதை ஆராய்ந்தவர்களும் இதே ஹைதராபாத் நிறுவனத்தினரே. நகரின் மறுபுறம் படான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் நிலக்கடலையில் இந்நஞ்சைக் குறைக்கும் வழிகளை நெடுங்காலமாக ஆய்ந்துவருகிறது. ஆகவே, மழைக்காலத்தில் ஈரம் படிந்த மூட்டையிலிருந்து மலிவாகக் கிடைக்கும் தீவனத்தை 'பறவைதானே' என்று போடாதீர்கள். முகர்ந்து பாருங்கள், கட்டி தட்டியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

இனி, குஞ்சு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டவர்களுக்கு நான் பட்டறிந்த சில செய்திகள்.

வெப்பமே முதல் தேவை. முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடம் ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்கலாம். இழை விளக்கோ வெப்பமூட்டும் விளக்கோ வேண்டும். வெப்பமானி இல்லையென்றாலும் குஞ்சைப் பார்த்து அறியலாம்: விளக்கின் அடியில் ஒடுங்கிக் கத்தினால் குளிர், விலகிப்போய் வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு. பெட்டியின் ஒரு பாதி சூடாகவும் மறுபாதி குளிர்ந்தும் இருந்தால், வேண்டிய இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும்.

அடுத்தது தரை. செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கிப் பக்கவாட்டில் விரிந்துவிடும். சொரசொரப்பான துணி நல்லது. வாத்து தண்ணீரைச் சிந்தாமல் இருக்காது. ஈரத்தரையில் பூஞ்சை வளர்ந்தால் நுரையீரல் நோய் வரும். ஒரு நாளில் இருமுறை விரிப்பை மாற்றும் பொறுமை இல்லாதவர் வாத்து வளர்க்க முற்படாதிருப்பதே நன்று.

தண்ணீரில்தான் முரண். வாத்து நீர்ப்பறவை, ஆனால் கையில் வளரும் குஞ்சை நீந்த விடுவதில் ஆபத்து உண்டு. தாயின் சிறகடியில் வளரும் குஞ்சின் மென்தூவி நீர் ஒட்டாமல் இருக்கும். தாயற்ற குஞ்சு நனைந்து, நடுங்கி, இறந்துபோகக் கூடும். ஆதலால் முதல் வாரங்களில் நீந்துவதென்றால் இளஞ்சூடான, ஆழமற்ற நீரில், கண்பார்வையில், சில நிமிடங்கள். பின் உடனே உலர்த்தி விளக்கின்கீழ் விட வேண்டும். குடிநீர்ப் பாத்திரமோ மூக்குத்துளைகள் மூழ்கும் அளவு ஆழமாக இருக்க வேண்டும், கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்வதற்காக. தண்ணீர் இல்லாமல் உலர்தீவனம் வைக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ரொட்டியும் பாலும் அதன் உணவல்ல.

நோயைப் பொறுத்தவரை, கால் தடுமாறிய முதல் நாளே மருத்துவரிடம் நயாசினைப் பற்றிக் கேளுங்கள். அளவை அவரே சொல்லட்டும். வளர்ந்தபின் வாத்துக் கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி உண்டு. எந்த வயதில் என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நலமாகத் தோன்றும் வாத்தின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள், சமைக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுவராதீர்கள். பறவைக் காய்ச்சல் கிருமியை வாத்து சில வேளைகளில் அறிகுறியின்றியே சுமக்கும். கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் 2014 முதல் அந்நோய் மீண்டும் மீண்டும் வந்து எத்தனையோ குடும்பங்களின் வாத்துகளை அழித்தது. பறவைகள் திடீரென இறந்தால் புதைத்துவிட்டு மறந்துவிடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

இவ்வளவையும் ஒருவர் செய்துவிட முடியும். ஆயினும் ஒற்றைக் குஞ்சைத் தனியே வளர்க்கக் கூடாது என்கிறேன். ஏன்?

கான்ராட் லோரன்ஸைப் பற்றி நம்மில் பலர் அறிவோம். பொரித்தவுடன் முதலில் காணும் அசையும் உருவைத் தாயெனப் பதித்துக்கொள்ளும் பறவைக்குஞ்சுகளின் இயல்பைப் புகழ்பெறச் செய்தவர். 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர். அவர் பின்னால் அணிவகுக்கும் வாத்தினங்களின் படத்தை அறிமுக உளவியல் நூல் எதிலும் காணலாம். அந்தப் படம் நமக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் காட்டு வாத்துக்குஞ்சுகள் வெறும் உருவத்தைக் கண்டு பின்தொடரவில்லை என்பதையும், தாம் புல்தரையில் குந்தி இடைவிடாமல் வாத்துபோல் குரலெழுப்ப வேண்டியிருந்ததையும் லோரன்ஸே எழுதியிருக்கிறார். குரல் அவ்வளவு முக்கியம்.

அந்தக் குரலைப் பற்றி ஆழமாக ஆய்ந்தவர் கில்பர்ட் காட்லீப். மொழியியல் மாணவர்கள் அனைவரும் அவரைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அடைகாப்பானில் பொரித்த, தாய்க்குரலை ஒருபோதும் கேட்டிராத வாத்துக்குஞ்சும் தன் இனத் தாயின் அழைப்பையே நாடுகிறது. நம் துறையில் இத்தகைய சான்று கிடைத்தால் 'இயல்பூக்கம், பிறவித்திறன்' என்று முத்திரையிட்டு நிறுத்திவிடுவோம். காட்லீப் நிறுத்தவில்லை. குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே குரலெழுப்புகிறது. தன் குரலையும் உடன்பிறந்த முட்டைகளின் குரலையும் கேட்கிறது. அதையும் கேட்க விடாமல் செய்தால்? முட்டைக்குள்ளேயே குரலற்றதாக்கித் தனிமைப்படுத்திய குஞ்சுகள், பொரித்தபின் தம் இனத் தாயின் அழைப்பையும் கோழித்தாயின் அழைப்பையும் பிரித்தறியத் தவறின.

இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டேன். அந்தப் பறவை கோழியையும் வாத்தையும் குழப்பிக்கொள்வதற்குக் காரணம், கேட்க வேண்டிய குரல் அதற்குக் கேட்காமற் செய்யப்பட்டது. நாம் அதே குழப்பத்தைச் செய்கிறோம். நமக்கு எந்தக் குரலும் மறுக்கப்படவில்லை. மேலும், 'பிறவியிலேயே உள்ளது' என்று நாம் சொல்லும் திறனுக்குப் பின்னால், நம் கண்ணுக்குப் படாத ஒரு சூழல் நின்று அதை வளர்த்திருக்கிறது. உடன்பிறந்தவற்றின் கீச்சொலி அத்தகைய சூழல். தனியறைக் குஞ்சுக்கு அது இல்லை. அது என்னைப் பின்தொடர்ந்தது. கழிவறைக் கதவின் முன் நின்று கத்தியது. நான் வகுப்புக்குச் சென்ற ஐந்து மணி நேரமும் கத்தியதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். அதை நான் பாசம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் இல்லாத ஓர் உயிரின் பதற்றம் என்பதே சரியான பெயர்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறுவடை முடிந்த வயல்வெளிகளில் ஆயிரக்கணக்கான வாத்துகளை ஓட்டிச்செல்லும் மேய்ப்பர்கள் நயாசின் என்ற சொல்லைக் கேட்டிருப்பார்களா? கிராமங்களில் அடைக்கோழியின் கீழ் வாத்து முட்டையை வைத்துப் பொரிக்கவில்லையா? கோழி கரையில் நின்று தவிக்க, குஞ்சுகள் குளத்தில் இறங்கிப்போகும் காட்சியை நம் பாட்டிகள் கண்டதில்லையா? ஆய்வறிஞர்கள் எளிய செயலைச் சிக்கலாக்குகிறார்கள் என்று தோன்றலாம்.

தோன்ற வேண்டியதுதான். ஆனால் அந்த மேய்ப்பரின் வாத்து வயலில் நத்தையும் புழுவும் பூச்சியும் சிந்திய நெல்லும் தின்கிறது. அதற்கு வேண்டிய சத்தை அதுவே தேடிக்கொள்கிறது. அடைக்கோழியின் கீழ் பொரித்த குஞ்சுக்குச் சிறகுச் சூடும், பத்து உடன்பிறப்புகளும், கொல்லைப்புறமும் இருந்தன. அங்கே வளர்த்தது மனிதரின் கை மட்டும் அன்று. ஒரு சூழல் முழுவதும் வளர்த்தது. நாம் அந்தச் சூழலை நீக்கிவிட்டு, அட்டைப்பெட்டியில் நம் கையை மட்டும் வைக்கிறோம். நீக்கியது எதுவோ அதை அறிந்து ஈடுசெய்யும் பொறுப்பு நம்மைச் சேர்கிறது. மேய்ப்பருக்குத் தேவைப்படாத வேதியியல் அறைவாசிக்குத் தேவைப்படுவது இதனால்தான். அவருடைய அறிவு வேறு வகையானது. எங்கே எந்த மாதத்தில் மேயலாம், எந்த நீர் கெட்டது, கூட்டத்தில் எந்தப் பறவை சோர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே சொல்லும் அறிவு. அதில் நூற்றில் ஒரு பங்கும் என்னிடம் இல்லை.

"மனிதக் குழந்தைகளே சத்துக்குறைவால் வாடும் நாட்டில் வாத்துக்கு இவ்வளவா?" என்று என் ஆய்வுக்குழு நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் எள்ளி ஒதுக்க மாட்டேன். ஆனால் மேலே சொன்ன பெலாக்ராவும் பூஞ்சை நஞ்சும் விடையின் ஒரு பகுதியைச் சொல்லும். பொதுவாகக் கருதப்படுபவரின் தேவையே அனைவரின் தேவை என்று கொள்ளும் பழக்கம் ஒன்றுதான். அது சில வேளை வாத்தின் காலை வளைக்கிறது, சில வேளை சோளம் உண்ணும் உழவரைப் பாடநூலுக்கு வெளியே நிறுத்துகிறது. ஓரிடத்தில் இப்பழக்கத்தைக் கண்டுகொள்பவர் மறு இடத்திலும் கண்டுகொள்ளக் கூடும் என்று நம்புகிறேன்.

மாணவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். நம் நகரத்து ஏரிகளிலும் வளாகக் குளங்களிலும் புள்ளிமூக்கு வாத்துகள் குஞ்சு பொரிப்பதுண்டு. தனியே தென்படும் குஞ்சை 'காப்பாற்றி' விடுதிக்குக் கொண்டுவராதீர்கள். தாய் பெரும்பாலும் அருகிலேயே நாணலுக்குள் இருக்கும். நீங்கள் விலகினால் வரும். காட்டுப்பறவையை வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். காயம்பட்டிருந்தால் வனத்துறையை அழையுங்கள்.

தீவனம் விற்போரிடமும் கால்நடைத் துறையினரிடமும் நான் வேண்டுவது சிறியது. மூட்டையின் மேல் எந்தப் பறவைக்கானது என்று தெலுங்கிலும் உருதுவிலும் ஒரு வரி இருக்கட்டும். தமிழ்நாட்டில் தமிழில் இருக்கட்டும். 'வாத்துக்குஞ்சுக்கு இது மட்டும் போதாது' என்று நான்கு சொற்கள். அந்த நான்கு சொற்கள் இருந்திருந்தால் என் வாத்து நேராக நடந்திருக்கும்.

காலணிப் பெட்டியோடு வந்த மாணவியிடம் அன்றிரவு இதையெல்லாம் சொன்னேன். இழை விளக்கு ஒன்றைத் தேடி இருவரும் மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். நான்கு நாள்கள் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, நகர விளிம்பில் குளத்தோடு கூடிய ஒரு வீட்டில் அதே வயதுக் குஞ்சுகள் இருப்பதறிந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். என் வளைகால் வாத்தும் மூன்றாண்டுகளாக அங்கேதான் இருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் குஞ்சு முதலில் எங்களைப் பார்த்தது. பிறகு மற்றவற்றின் கீச்சொலி கேட்டது. திரும்பி நின்று கேட்டது, ஓடிவிட்டது. மாணவி சிறிது அழுதார். என் வாத்து வழக்கம்போல் என்னைக் கண்டு கழுத்தை நீட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது.

கால்நடை மருத்துவம், ஊட்டச்சத்தியல் பயின்ற நண்பர்கள் இதில் பிழை கண்டால் திருத்துங்கள், பதிவில் சேர்த்துவிடுகிறேன். வாத்து மேய்க்கும் குடும்பங்களிலிருந்து வந்து இப்போது பல்கலைக்கழகங்களில் பயில்வோர் எவரேனும் இதைப் படிப்பீர்களானால், தயவுசெய்து எழுதுங்கள். குஞ்சு சோர்ந்தால் உங்கள் வீட்டில் முதலில் எதைப் பார்ப்பார்கள், அதை எந்தச் சொல்லால் குறிப்பார்கள் என்று அறிய விரும்புகிறேன்.